திமிங்கிலம் பார்க்கப் போன பெரியம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசியான தொங்கல் காம்பராவில் இருந்தவரிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். "தெரியாது" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் அவருக்கும் இரத்த உறவு எதுவும் கிடையாது. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா.

ஒருமுறை அட்டன் பஸ் நிலையத்தில் நானும் அவரும் நின்றுகொண்டிருந்தோம். குடையும் பையுமாக வந்த ஒருவர், வலப்பனைக்குப் போக எதில் ஏற வேண்டும் என்று கேட்டார். பெரியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அந்தா நிக்குது பாருங்க செவப்பு பஸ்ஸு, அதுதான். ஓடுங்க, எடுக்கப் போறான்."

அவரும் ஓடிப்போய் ஏறிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் முன்னால் இருந்த பலகையைப் பார்த்தேன். பொகவந்தலாவை. வலப்பனை இருக்கும் திசையே வேறு.

"பெரியம்மா, அது பொகவந்தலாவ பஸ்ஸு!"

"ஆமா. போற வழியில கண்டக்டர் டிக்கட் கேப்பான்ல, அப்ப சொல்லுவான்" என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது பெண்கள் அவரைத்தான் கேட்பார்கள், இன்றைக்கு மழை வருமா என்று. அவர் வானத்தைப் பார்க்கக்கூட மாட்டார். "வராது" என்பார். பத்து மணிக்கு எல்லோரும் நனைந்து கூடையோடு ஒதுங்கி நிற்கும்போது, "இது மழையா? இது சும்மா தூத்தல்" என்பார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் சொல்லுவார்.

இப்படிப்பட்டவரை ஏன் எல்லோரும் மறுபடி மறுபடி கேட்டார்கள் என்று வெளியாட்களுக்குப் புரியாது. எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. மேல் லயத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கொடுத்து, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியம்மா அந்தப் பக்கம் போனவர் பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது சாதாரணக் காய்ச்சல் இல்ல. இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று சத்தம் போட்டார். தாயும் தகப்பனும் தயங்கினார்கள். அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். டெங்கு. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் கையில் கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

"எப்படிப் பெரியம்மா தெரிஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுச்சு" என்றார். அவ்வளவுதான்.

அதனால் அவர் சொல்வதை முழுதாக நம்பவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. என் அம்மா நம்பினாள்.

அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். அங்கே பழக்கமான ஒருவன் மூலமாக நெடுநாள் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனான். கடலையே பார்க்காத பிள்ளை. அந்த வருடம் தீபாவளிக்கு வந்து, அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் துறைமுகத்திலிருந்து போன் பண்ணினான். "இன்னைக்குப் போட் கெளம்புதும்மா. ஒரு மாசத்துல வந்துருவேன்." அதற்குப் பிறகு அவனும் வரவில்லை, போட்டும் வரவில்லை, அதில் போன மற்ற ஐந்து பேரும் வரவில்லை.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூரில் இருந்தேன். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். அம்மாவுக்குச் சிங்களம் ஏதோ கொஞ்சம்தான் வரும். பெரியம்மா சரளமாகப் பேசுவார். இருவரும் இரண்டு பஸ் மாறி அந்தத் துறைமுக ஊருக்குப் போனார்கள். பொலிசில் பெரியம்மாதான் உள்ளே போய்ப் பேசினார். அம்மா வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி நிறையப் பேசினாராம். அதில் அடிக்கடி "நே, நே" என்ற சொல் வந்தது மட்டும் அம்மாவுக்கு விளங்கியது. 'நே' என்றால் 'இல்லை' என்று அவளுக்குத் தெரியும்.

பெரியம்மா ஒரு கடதாசியை மடித்துக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"என்னாக்கா சொன்னாங்க?"

"வந்துருவானாம்."

ஐந்து வருடம் இந்த ஒரு சொல்தான் எங்கள் வீட்டை நிறுத்தி வைத்திருந்தது. அம்மா கேட்கும்போதெல்லாம் பெரியம்மாவிடம் புதிதாக ஒரு பதில் இருக்கும். முதல் வருடம் அண்ணன் மாலைதீவில் இருந்தான். காற்று படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது, பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அந்தமான். பிறகு பர்மா. "அங்கெல்லாம் லெட்டர் எழுத விட மாட்டாங்க தங்கச்சி. நான் குவைத்துல இருந்தப்ப பாத்திருக்கேன்ல" என்பார். குவைத்தில் அவர் ஒரு வீட்டில் சமையல் செய்தார், சிறையில் இல்லை. அம்மா அதையெல்லாம் யோசிக்க மாட்டாள். நான் விடுமுறையில் வரும்போது பழைய பாடசாலை நிலப்படத்தை விரித்து, பர்மா எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்வாள். விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

எனக்குப் பெரியம்மா மீது கோபம் வரும். அதே சமயம், அவர் வந்து பேசிவிட்டுப் போன அன்றைக்கு மட்டும்தான் அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை என்ன செய்வது என்று விளங்காது.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆகஸ்ட் விடுமுறையில் லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்துத் திருகோணமலைக் கோயிலுக்குப் போனோம். துறைமுக ஊருக்குப் போனபோதும் அம்மா பொலிஸ் வாசலைத் தாண்டவில்லை; அவள் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது இங்கேதான். கோயில் பாறைமேல் நின்று கீழே பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே வந்தது.

மறுநாள் விடியக்காலையில் படகில் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போவார்கள் என்று தங்கிய இடத்தில் சொன்னார்கள். பெரியம்மாதான் பிடிவாதமாக நின்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுக் கரையில நின்னு பாத்துட்டுப் போறதா? உள்ள போயிப் பாத்தாத்தான் கடலு."

மற்றவர்கள் பயந்து பின்வாங்கினார்கள். கடைசியில் ஏறியது நான்கு பேர். பெரியம்மா, அம்மா, நான், எங்கள் வேன் டிரைவர். படகோட்டி அந்த ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். ஆரஞ்சு நிற உயிர்காப்பு அங்கியை ஒவ்வொருவருக்கும் போட்டு வாரை இழுத்துக் கட்டினார். பெரியம்மா அவருக்கே எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார்.

கரை மெல்லிய கோடாகிக் காணாமல் போனது. டிரைவர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். அம்மா நடுப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா மட்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். தண்ணீரின் மேல் தாழப் பறந்த வெள்ளைப் பறவைகளைக் காட்டி, "அது கப்பல் கொக்கு" என்றார்.

படகோட்டி சிரித்தார். "அது ஆலா அம்மா."

"எங்க பக்கம் கப்பல் கொக்குன்னுதான் சொல்லுவோம்."

"உங்கட பக்கம் கடல் இருக்கோ?"

"கடல் இல்லாட்டி என்னா? கொக்கு இருக்குல்ல."

டிரைவர்கூடத் தலையைத் தூக்கிச் சிரித்தார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு இடத்தில் பறவைகள் கூட்டமாகச் சுற்றின. நூறு, இருநூறு இருக்கும். விழுவதும் எழுவதுமாக ஒரே இரைச்சல். படகோட்டி எஞ்சினைக் குறைத்தார். அந்தப் பறவைகளுக்கும் அப்பால், புகை போல வெள்ளையாக ஒன்று நேராக எழுந்து கலைந்தது.

"அந்தா! மூச்சு விடுது!"

அடுத்த தடவை கிட்டத்தில் எழும்பியது. நான் தலையையோ கண்ணையோ பார்க்கவில்லை. ஒரு முதுகு. மழையில் நனைந்த தார் ரோடு ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து வந்து, நம்மைக் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருப்பது மாதிரி. முடியும் முடியும் என்று பார்த்தால் முடியவில்லை. "ஆறு காம்பரா நீளம் இருக்கும்" என்று டிரைவர் முணுமுணுத்தார். அது விட்ட மூச்சின் ஈரம் எங்கள் முகத்தில் பட்டது. மீன் நாற்றம் அடித்தது. கடைசியாக வால் மேலே வந்தது, தண்ணீர் வடிய ஒரு நொடி நின்றது, உள்ளே போய்விட்டது.

சத்தமே இல்லை. அது போன இடத்தில் அலை அடங்கி, எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பாக ஒரு வட்டம் மட்டும் கிடந்தது. அம்மா அந்த வட்டத்தையே பார்த்தாள்.

"தம்பி, அது இப்ப எங்க இருக்கும்?"

"சொல்லேலாதம்மா. வால் தூக்கினா ஆழத்துக்குப் போகுது எண்டு அர்த்தம். இனி எங்க எழும்புமெண்டு ஆருக்கும் தெரியாது."

அம்மா மெதுவாகத் திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா. அவன் எங்க இருப்பான்?"

எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். நான் பர்மாவுக்காகக் காத்திருந்தேன். பெரியம்மா வாயைத் திறந்தார், மூடினார். சுற்றிலும் பார்த்தார். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்தான். அவருடைய முகம் நான் பார்த்திராத ஒரு முகமாக மாறியது.

"தெரியலையே, தங்கச்சி."

எஞ்சின் நின்றிருந்தது. படகின் பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா தலையை ஆட்டினாள். குனிந்து கையைக் கடலில் விட்டு, ஒரு கை தண்ணீரை அள்ளித் தன் தலையில் தெளித்துக்கொண்டாள். டிரைவர், "அங்க, அங்க!" என்று கத்தினார். யாரும் எதிர்பாராத பக்கத்தில், வெகுதூரத்தில் அது மறுபடி மூச்சு விட்டது. நாங்கள் மூவரும் திரும்புவதற்குள் அடங்கிவிட்டது.

வேனில் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் பெரியம்மா பேசவில்லை. ஒரு சந்தியில் டிரைவர் பழக்கதோஷத்தில், "பெரியம்மா, எந்தப் பக்கம் திருப்ப?" என்று கேட்டார். பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவரே போனைப் பார்த்துத் திருப்பினார்.

மறுநாள் காலை அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டே சொன்னாள்: "அண்ணனுக்குக் கருமாதி செஞ்சுரணும் பாப்பா."

"ஏம்மா? திடீர்னு என்னா?"

"அவங்க தெரியலன்னு சொன்னாங்கள்ல. நீயும் கேட்டல்ல?"

"தெரியலன்னா தெரியலன்னுதாம்மா அர்த்தம்."

"மத்தவங்க சொன்னா அப்படி. அவங்க என்னைக்காவது தெரியலன்னு சொல்லியிருக்காங்களா? தெரிஞ்சுருச்சு அவங்களுக்கு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல."

நான் தண்ணீர் பிடிக்கும் பீலியடிக்கு ஓடினேன். பெரியம்மா குடத்தை வைத்துவிட்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ பாப்பா, நெசமாவே தெரியலன்னுதான் சொன்னேன்."

"அப்ப மாலைதீவு, பர்மா எல்லாம்?"

"அதுவும் தெரியாமத்தான் சொன்னேன். உங்கம்மா கேக்குறப்ப எதையாவது சொல்லாட்டி அவ கீழ விழுந்துருவா போல இருக்கும். சொல்லிருவேன்."

"அன்னைக்கு மட்டும் ஏன் சொல்லல?"

குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதை நகர்த்தவில்லை. "அவ்வளவு தண்ணி பாப்பா" என்றார். "அவ்வளவு தண்ணிய நான் நெனச்சே பாக்கல. வாய்ல ஒண்ணும் வரல."

அன்று மாலையே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, நான் ஏதோ தலைசுத்தல்ல உளறிட்டேன். அவன் பர்மாவுலதான் இருக்கான். எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்க்கா. அஞ்சு வருசமா எனக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க" என்றாள். தெரியாது என்றாலும் நம்பவில்லை, தெரியும் என்றாலும் நம்பவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

கருமாதி அன்று மழை. அண்ணனின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி வைத்து, மாலை போட்டிருந்தோம். பூசாரி பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். பிறகு, "எறந்த திதி என்னா?" என்றார்.

அம்மா விழித்தாள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, தலையைத் திருப்பிப் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவர் கதவோரம் முக்காட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஐப்பசி மாசம். வளர்பிறை அஷ்டமி" என்றார்.

அட்டனில் பஸ் காட்டிய அதே வேகம்தான். பூசாரி தலையாட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அம்மா அப்போதுதான் அழுதாள். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, சத்தம் போட்டு.

அந்தத் திதியை நான் அப்படியே விட்டிருக்கலாம். விட முடியவில்லை. பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். அண்ணன் கடைசியாகப் பேசியதிலிருந்து ஐந்தாம் நாள் வந்தது. சரி, அவன் எப்போது புறப்பட்டான் என்று லயத்துக்கே தெரியும், எண்ணிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அம்மாவின் தகரப் பெட்டியில், பெரியம்மா அன்று கொடுத்த அந்தப் பொலிஸ் கடதாசி கிடைத்தது. முழுக்கச் சிங்களம். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் வாசித்துச் சொன்னார். படகோடு கடைசியாக ரேடியோவில் பேச முடிந்த தேதி அதில் எழுதியிருந்தது. நான் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்திருந்த அதே நாள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அதிகாரி அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பெரியம்மா அதை விழுங்கிக்கொண்டு "வந்துருவானாம்" என்று வெளியே வந்தார் என்றா? அப்படியானால் பீலியடியில் நெசமாவே தெரியல என்று பதறியது என்ன? ரேடியோ நின்றதால் ஆள் போய்விட்டான் என்று ஆகுமா? அவருக்கே அது தெரியாமல்தான் இருந்திருக்குமோ? ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று விளங்கியது போல இருக்கும். அடுத்த நிமிடம் குழம்பிவிடும். அம்மாவிடம் கடதாசியைப் பற்றி நான் சொல்லவில்லை. பெரியம்மாவிடம் கேட்கலாம் என்று மூன்று தடவை தொங்கல் காம்பரா வரை போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவர் வேலையிலிருந்து நின்று, நோட்டன் பிரிட்ஜில் கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கப் போய்விட்டார். அம்மா ஐப்பசி அஷ்டமி தவறாமல் படையல் போட்டாள். பொரியல், பாயசம், அண்ணனுக்குப் பிடித்த சம்பல். காகம் வந்து கொத்திய பிறகு தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சில வருடங்கள் கழித்து ஒரு கருத்தரங்குக்காக நோட்டன் பக்கம் போனவள், திரும்பும்போது பஸ் தரிப்பிடத்தில் அவரைக் கண்டேன். நன்றாக மெலிந்திருந்தார். பேரனுக்குப் பிஸ்கட் வாங்க வந்தாராம். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன்.

"பெரியம்மா, அன்னைக்குப் பூசாரிகிட்ட ஒரு திதி சொன்னீங்கள்ல. அது எப்படித் தெரியும்?"

அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"உங்கம்மா அத வருசா வருசம் செய்றாளா?"

"செய்றாங்க."

"அன்னைக்கு நல்லாச் சாப்புடுறாளா?"

"சாப்புடுறாங்க."

"அப்ப அதுதான் பாப்பா நாளு."

பஸ் வந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா அவரிடம் ஏதோ வழி கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மா கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.